முற்றுரிமையும் நியாய விதியும்

நியாய விதி என்பது ஒரு வணிக ஒப்பந்தமோ நடத்தையோ போட்டியை நியாயமற்ற வகையில் குலைக்கிறதா என்பதை, அதன் நோக்கத்தையும் விளைவையும் ஆராய்ந்து முடிவு செய்யும் சட்ட அளவுகோல் ஆகும். இது ஐக்கிய அமெரிக்காவின் போட்டிச் சட்ட வழக்குகளில் உருவானது.

தோற்றம்

1890 இல் இயற்றப்பட்ட செர்மன் சட்டம், வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தங்கள் அனைத்தையும் தடை செய்தது, முற்றுரிமையாக்கலையும் குற்றமாக்கியது. ஆனால் முற்றுரிமையாக்கல் எது என்பதை வரையறுக்கவில்லை. அப்பொறுப்பு நீதிமன்றங்களைச் சேர்ந்தது. 1897 இல் டிரான்சு-மிசௌரி தொடருந்து நிறுவனங்களின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சட்டச் சொற்களுக்கு நேர்ப்பொருளே கொண்டது. இதில் ஒரு சிக்கல் இருந்தது. ஒருவருக்கு விற்க ஒப்புக்கொண்ட சரக்கை மற்றவருக்கு விற்க இயலாது என்பதால், எல்லா ஒப்பந்தங்களுமே ஓரளவு வணிகத்தைக் கட்டுப்படுத்துகின்றன.

இசுடாண்டர்டு ஆயில் வழக்கு

1911 இல் தலைமை நீதிபதி எட்வர்டு வைட் எழுதிய தீர்ப்பு, நியாயமற்ற கட்டுப்பாடுகளை மட்டுமே சட்டம் தடை செய்கிறது என்றது. அவ்வளவுகோலின்படியும் இசுடாண்டர்டு ஆயில் குற்றவாளியாகி, 34 நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டது. சட்டத்தில் இல்லாத சொல்லை நீதிமன்றம் சேர்க்கிறது என நீதிபதி ஆர்லன் எதிர்ப்புத் தெரிவித்தார்.

பிற்கால வளர்ச்சி

- 1920: அமெரிக்க எஃகு நிறுவன வழக்கில், பெரிய அளவு மட்டுமே குற்றமாகாது என உச்ச நீதிமன்றம் கூறியது.
- 1945: அல்கோவா அலுமினிய வழக்கில் நீதிபதி லேர்னட் ஆண்டு, சந்தையில் 90% பங்கு முற்றுரிமைக்குப் போதும், 60% ஐயத்திற்குரியது, 33% போதாது என்றார்.
- 1966: கிரின்னல் வழக்கு இருகூறுகள் கொண்ட சோதனையை வகுத்தது. முற்றுரிமை ஆற்றல் இருக்க வேண்டும். அது சிறந்த பொருளாலோ வணிகத் திறமையாலோ தற்செயலாலோ வராமல், வேண்டுமென்றே பெறப்பட்டதாகவோ காக்கப்பட்டதாகவோ இருக்க வேண்டும்.
- 2001: மைக்ரோசாப்ட் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் மெய்ப்பிக்கும் பொறுப்பைப் படிப்படியாகப் பகிர்ந்தது. போட்டிக்குத் தீங்கு நேர்ந்ததை வழக்குத் தொடுத்தவர் காட்ட வேண்டும். பின்னர் தன் செயலின் போட்டிசார் நன்மையை நிறுவனம் விளக்க வேண்டும். இறுதியில் இரண்டும் சீர்தூக்கப்படும். நிறுவனம் சட்டத்தை மீறியது உறுதியானது; அதை இரண்டாகப் பிரிக்கும் ஆணை நீக்கப்பட்டது.

மதிப்பீடு

திறமையால் வளர்ந்த நிறுவனத்தைத் தண்டித்தால் வளரும் ஊக்கம் குன்றும். போட்டியாளரை வெளியேற்றும் நிறுவனத்தை விட்டுவிட்டால் நுகர்வோர் பாதிக்கப்படுவர். நியாய விதி இவ்விரு பிழைகளையும் தவிர்க்க முயல்கிறது. எனினும் இதன்கீழ் விசாரணை நீள்கிறது, செலவு கூடுகிறது, முடிவை முன்கூட்டிக் கணிப்பதும் கடினமாகிறது. இதனால் போட்டியாளர்கள் கூடி விலை நிர்ணயித்தல் போன்ற செயல்கள், விளைவை ஆராயாமலேயே சட்டவிரோதமாகக் கொள்ளப்படுகின்றன.