பழைய கணினியின் பிணியும் பரிகாரமும்

பிணி இன்னதென்று அறியுமுன் மருந்தை அள்ளிக் கொடுப்பவன் மருத்துவனாகான். இவ்வுண்மை கணினிக்கும் பொருந்தும். கணினி இயங்கவில்லை என்றவுடன் அதன் தலையில் ஓங்கித் தட்டுவதும், கைக்கு அகப்பட்ட விசைகளையெல்லாம் அமுக்குவதும், ஈற்றில் “எல்லாம் போயிற்று” என்று கைவிடுவதும் நம்மவரிடையே காணப்படும் வழக்கங்கள். ஆராய்ந்து பார்த்தால், போயிற்று என்று எண்ணியதில் பெரும்பகுதி போகாமல் அங்கேயே இருக்கும். அதனைக் காப்பாற்றும் வழிகளையே இங்கு எடுத்துரைக்க விரும்புகிறோம்.

எல்ல, பண்டாரவளை, பதுளை ஆகிய ஊர்களிலும் அவற்றைச் சூழ்ந்த தோட்டங்களிலும், பழைய கணினியொன்று களஞ்சிய அறையில் தூசி படிந்து கிடப்பது புதுமையன்று. அதன் அருகே ‘பிளொப்பி’ எனப்படும் காந்தத் தட்டுகள் அடங்கிய பெட்டியொன்றும் இருக்கும். அத்தட்டுகளில் மாணவர் இடாப்பு இருக்கலாம். கோயில் வரவுசெலவுக் கணக்கு இருக்கலாம். காலஞ்சென்ற தந்தையார் தட்டெழுதிய கடிதங்கள் இருக்கலாம். அவற்றைத் திறந்து பார்க்க வேண்டுமாயின், அக்காலக் கணினியின் இயல்பை அறிதல் அவசியம்.

டொஸ் என்பது யாது?

கணினியின் உறுப்புகளையும் அதில் நாம் செய்ய விரும்பும் வேலையையும் இணைத்துவைப்பது இயங்குதளம் எனப்படும். 1981ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் ஐ.பி.எம். நிறுவனம் தனது தனியாள் கணினியை வெளியிட்டபோது, அதற்குரிய இயங்குதளத்தை மைக்ரோசொப்ட் நிறுவனம் வழங்கிற்று. சியாட்டில் நகரில் டிம் பற்றர்சன் என்பவர் எழுதியிருந்த ஒரு தொகுப்பை விலைக்கு வாங்கித் திருத்தியே அந்நிறுவனம் ‘டொஸ்’ என்னும் இத்தளத்தை உருவாக்கியது. இன்றுள்ளது போன்ற படங்களும் சுட்டியும் அதில் இல்லை. கரிய திரையில் ‘சி’ என்றோர் எழுத்தும், அதன் பக்கத்தில் ஓர் அம்புக்குறியும் மட்டுமே தோன்றும். கட்டளையை நாமே எழுத்துப் பிழையின்றித் தட்டெழுத வேண்டும்.

இத்தளம் ஒரு நேரத்தில் ஒரு வேலையையே செய்யும். 1924இல் பதுளையை வந்தடைந்த நமது மலைநாட்டு இருப்புப் பாதையை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும். ஒற்றைப் பாதையாகையால், ஒரு பகுதிக்குரிய ‘டெப்லட்’ என்னும் அனுமதித் தட்டு ஒரு வண்டியின் சாரதியிடம் இருக்கும்போது, அப்பகுதிக்குள் மற்றொரு வண்டி நுழைய இயலாது. எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையே ஒரு வண்டி நின்றுவிட்டால், அடுத்த வண்டி காத்திருக்கவே வேண்டும். டொஸ் தளத்திலும் ஒரு வேலை இடையில் நின்றுவிட்டால் மற்றெல்லாம் நின்றுவிடும். ‘கொன்ட்ரோல்’, ‘ஓல்ட்’, ‘டிலீட்’ ஆகிய மூன்று விசைகளையும் ஒருங்கே அமுக்கிக் கணினியை மீண்டும் தொடக்குவதே அப்போது கடைசி வழி. சேமிக்காத வேலை அத்துடன் போய்விடும் என்பதையும் மறத்தலாகாது.

திரை கூறும் செய்திகள்

டொஸ் கூறும் செய்திகள் சுருக்கமானவை. சற்றுக் கடுமையானவையும் கூட. அச்சமின்றிப் பொருளறிந்து படித்தால், பரிகாரத்தின் பாதி அவற்றிலேயே அடங்கியிருப்பதைக் காணலாம்.

“நொன் சிஸ்டம் டிஸ்க்” என்று திரை கூறினால், வன்தட்டு கெட்டது என்று கலங்க வேண்டியதில்லை. முதல்நாள் பயன்படுத்திய பிளொப்பி அதன் வாயிலேயே இருக்கிறதா என்று பாருங்கள். கணினி முதலில் அத்தட்டையே நாடும்; இயங்குதளம் அதில் இல்லாமையால் தயங்கி நிற்கும். தட்டை வெளியே எடுத்துவிட்டு ஏதேனும் ஒரு விசையை அமுக்கினால் போதும்.

“பேட் கொமாண்ட் ஓர் பைல் நேம்” என்றால், நாம் எழுதிய சொல் அதற்கு விளங்கவில்லை என்பது பொருள். எழுத்துப் பிழை இருக்கலாம். அல்லது நாம் அழைத்த தொகுப்பு வேறோர் அடைவில் இருக்கலாம். ‘டிர்’ என்று எழுதினால் அவ்விடத்திலுள்ள கோப்புகளின் பட்டியல் தோன்றும்.

“அபோட், ரீட்ரை, பெயில்?” என்பது பலரையும் திகைக்க வைத்த வினா. தட்டைப் படிக்க முடியவில்லை. வேலையைக் கைவிடுவதா, மீண்டும் முயல்வதா, இச்செயல் தோற்றதாகக் கொள்வதா என்பதே அதன் பொருள். முதலில் தட்டு சரியாக உள்ளே இருக்கிறதா, பெரிய தட்டாயின் அதன் நெம்புகோல் மூடப்பட்டதா என்று பார்த்து, ‘மீண்டும் முயல்க’ என்பதற்குரிய ‘ஆர்’ எழுத்தை அமுக்க வேண்டும். கைவிடும் விடையை அவசரப்பட்டுத் தெரிந்தால், அதுவரை தட்டெழுதியதும் மறைந்துவிடக்கூடும்.

கோப்புகளின் பெயரிலும் ஓர் அபாயம் உண்டு. டொஸ் ஒரு பெயருக்கு 8 எழுத்தும், அதன் பின்னொட்டுக்கு 3 எழுத்துமே இடங்கொடுக்கும். சரஸ்வதி என்னும் பெயரை ஆங்கில எழுத்தில் எழுதினால் 10 எழுத்து வரும். ‘சரஸ்வதி 1’, ‘சரஸ்வதி 2’ என இரு கோப்புகளுக்குப் பெயரிட்டால், இலக்கங்கள் வெட்டுண்டு இரண்டும் ஒரே பெயராகிவிடும். இரண்டாவது கோப்பு முதலாவதன் மேல் எழுதப்பட்டுவிடும். வேறுபடுத்தும் இலக்கத்தைப் பெயரின் முன்னே வைப்பதே பாதுகாப்பு.

நீக்கிய கோப்பு எங்கே போயிற்று?

மாணவர்கள் கருத்தூன்றி அறிய வேண்டிய செய்தி இது. ஒரு கோப்பை நீக்கும்படி கட்டளையிட்டால், டொஸ் அக்கோப்பின் உள்ளடக்கத்தைத் துடைப்பதில்லை. பட்டியலில் அதன் பெயரின் முதலெழுத்தை மாற்றி ஓர் அடையாளத்தை இடும். அக்கோப்பு இருந்த இடங்களை ‘வெற்றிடம்’ என்று குறித்துக்கொள்ளும். அவ்வளவே. லயத்து அறையின் கதவில் எழுதிய பெயரை அழித்துவிட்டாலும், அடுத்த குடும்பம் குடிவரும் வரை பழைய சாமான்கள் உள்ளேயே இருப்பது போன்றது இது.

ஆகவே, தவறுதலாக ஒரு கோப்பு நீக்கப்பட்டுவிட்டால், அத்தட்டில் ஒன்றையும் எழுதாமல் உடனே நிறுத்துவதே முதல் பரிகாரம். 1991இல் வெளிவந்த டொஸ் ஐந்தாம் பதிப்பில் ‘அன்டிலீட்’ என்னும் கட்டளை சேர்க்கப்பட்டது. அது நம்மிடம் இழந்த முதலெழுத்தைக் கேட்கும். கொடுத்தால் கோப்பை மீட்டுத்தர முயலும். பதற்றத்தில் புதிய கோப்புகளை எழுதிக்கொண்டே போனால், புதிய குடும்பம் குடிவந்துவிடும். பழைய சாமான்கள் வீதிக்கு வந்துவிடும்.

பழைய தட்டொன்றை இக்காலக் கணினியில் இட்டால், “இதனை இப்போது போர்மட் செய்யவா?” என்று அது கேட்பதுண்டு. தட்டைப் படிக்க இயலாமையே இதற்குக் காரணம். “வேண்டாம்” என்பதே விடை.

மலைநாட்டின் பகைவர்கள்

எல்லவின் மூடுபனி கண்ணுக்கு இனிது. காந்தத் தட்டுக்குக் கொடிது. ஈரம் நிறைந்த காற்றில் தட்டின் மேல் பூஞ்சணம் படரும். அத்தகைய தட்டை அப்படியே கணினியில் இட்டால், படிக்கும் முனையில் அழுக்கு ஒட்டி, அடுத்து இடும் நல்ல தட்டையும் கீறிவிடும். வெளிச்சத்தில் பிடித்து, உள்ளிருக்கும் வட்டத் தகட்டில் வெண்புள்ளிகள் உள்ளனவா என்று முதலில் பாருங்கள். இருந்தால், அனுபவமுள்ளவரைக் கொண்டு துப்புரவு செய்வித்த பின்னரே பயன்படுத்த வேண்டும். நல்ல தட்டுகளை ஈரமுறிஞ்சும் சிறு பொதியோடு மூடிய பெட்டியில் வைப்பது நன்று. ஒலிபெருக்கியின் அருகில் வைத்தல் ஆகாது. அதனுள் வலிய காந்தம் உண்டு.

சித்திரையிலும் ஐப்பசியிலும் பிற்பகல் வேளைகளில் இடிமின்னல் நம் பகுதிக்குப் பழகியது. ஆளியை நிறுத்துவது மட்டும் போதாது; மின்செருகியைக் கழற்றிவிட வேண்டும். தொலைபேசிக் கம்பி இணைந்திருந்தால் அதனையும் கழற்ற வேண்டும்.

நெடுங்காலம் உறங்கிய கணினி, இன்று 1980 ஜனவரி 1 என்று கூறினால் நகைக்க வேண்டாம். டொஸ் அறிந்த நாட்காட்டி அந்நாளிலேயே தொடங்குகிறது. உள்ளிருக்கும் சிறு மின்கலம் தீர்ந்துவிட்டது என்பதே இதன் பொருள். அக்கலம் தீர்ந்தால் வன்தட்டின் அளவு முதலிய விபரங்களையும் கணினி மறந்து, “வன்தட்டே இல்லை” என்று சாதிக்கும். மின்கலத்தை மாற்றி விபரங்களை மீண்டும் பதிந்தால், பழைய கோப்புகள் இருந்த இடத்திலேயே இருக்கும்.

இவற்றோடு நச்சுநிரல் என்னும் தொற்றுநோயும் உண்டு. 1986இல் லாகூரைச் சேர்ந்த அல்வி சகோதரர்கள் எழுதிய ‘பிரெய்ன்’ என்பது ஐ.பி.எம். வகைக் கணினிகளைப் பற்றிய முதல் நச்சுநிரலாகக் கருதப்படுகிறது. பிளொப்பி வழியாகவே அது உலகெங்கும் பரவிற்று. தட்டுக்கு ‘எழுதாப் பூட்டு’ இடுவது சிறந்த காப்பு. சிறிய தட்டாயின் மூலையிலுள்ள துளை திறந்திருக்கும்படி தள்ள வேண்டும். பெரிய தட்டாயின் பக்கத்து வெட்டைத் தாளொட்டி மூட வேண்டும். பழைய தட்டு எதனையும் படிக்குமுன் இதனைச் செய்க.

தமிழ்க் கோப்பு புரியாவிட்டால்

1980களில் கனடாவில் வாழ்ந்த கலாநிதி சீனிவாசன் டொஸ் தளத்தில் தமிழ் எழுதுவதற்கு ‘ஆதமி’ என்னும் மென்பொருளை ஆக்கினார். பின்னர் வேறு பலவும் வந்தன. ஒவ்வொன்றும் தமிழ் எழுத்துக்குத் தன் விருப்பப்படி இலக்கம் கொடுத்தமையால், ஒன்றில் எழுதியது மற்றொன்றில் பொருளற்ற குறிகளாய்த் தோன்றும். 1991இல் வெளியான யூனிகோட் முறையிலே தமிழுக்குப் பொதுவான இடம் கிடைத்தது. ஆயினும் அது வழக்கில் வேரூன்றப் பல்லாண்டுகள் சென்றன. எனவே, குறிகளைக் கண்டு கோப்பு கெட்டதென எறிந்துவிடாதீர்கள். எம்மென்பொருளில் எழுதப்பட்டது என்று அறிந்தால் மாற்றிக்கொள்ள வழியுண்டு.

பிரதி எடுப்பது ஏன்?

இப்பழம்பொருளுக்கு இத்தனை பாடு தேவையா என்று சிலர் வினவலாம். மலையகத் தமிழர் அவ்வாறு வினவுவது பொருந்தாது. தோட்டத்தில் ‘பேர்’ என்ற சொல்லுக்கே ஒருநாட் சம்பளம் என்று பொருள். ‘அரைப்பேர்’ என்றால் அரைநாட் சம்பளம். செக்றோலில் பெயர் விழாத நாளுக்குக் கூலியும் இல்லை. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் பின், இந்நாட்டில் வாழ்ந்தோம் என்பதற்குச் சான்று கேட்கப்பட்டபோது, கையில் காகிதம் இல்லாமையால் நம் முன்னோர் பட்ட துயரம் பெரிது. 2003ஆம் ஆண்டு 35ஆம் இலக்கச் சட்டமும், 1964 ஒக்டோபர் 30 முதல் இந்நாட்டில் நிலையாக வாழ்ந்தோருக்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்குமே குடியுரிமை அளித்தது. ஒரு பதிவேடு, ஓர் இடாப்பு, ஒரு திகதி என்பவை எத்துணைப் பெறுமதி வாய்ந்தவை என்பதை நமக்கு வேறொருவர் கற்பிக்க வேண்டியதில்லை.

சிறிய பிளொப்பிகளைப் படிக்கும் யூ.எஸ்.பி. கருவிகள் இன்றும் கிடைக்கின்றன. பெரிய தட்டுகளுக்கு, செவ்வனே இயங்கும் பழைய கணினியோ தனிக் கருவியோ வேண்டும். கோப்புகளை வெளியே எடுத்தபின், ‘டொஸ்பொக்ஸ்’ என்னும் இலவச மென்பொருளின் துணைகொண்டு பழைய தொகுப்புகளை இக்காலக் கணினியிலேயே இயக்கலாம். 1994இல் அமெரிக்க மாணவரான ஜிம் ஹோல் தொடங்கிய ‘பிரீடொஸ்’ தளமும் விலையின்றிக் கிடைக்கிறது.

எடுத்த கோப்புகளை இரண்டு பிரதிகளாக்கி, ஒன்றை வீட்டிலும் மற்றதை வேறோர் ஊரிலும் வையுங்கள். முக்கியமான இடாப்புகளைத் தாளிலும் அச்சிட்டுக்கொள்ளுங்கள். காந்தத் தட்டு நமக்காகக் காத்திராது. ஒவ்வொரு மழைக்காலத்திலும் அதன் ஆயுள் சிறிது குறைகிறது. அடுத்த பாடசாலை விடுமுறையில், வீட்டுப் பிள்ளைகளும் பெரியோரும் ஒருங்கிருந்து அலுமாரியைத் திறந்து, முதலில் அத்தட்டுகளின் மேலொட்டிய பெயர்களை ஒரு கொப்பியில் எழுதி வைப்பார்களாக. எஞ்சிய வேலை அதிலிருந்து தானே தொடரும்.