மடிக்கணினியும் இசைத் தொழிலும்

மட்டாஞ்சேரியில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இசை புதிதன்று. கல்யாண வீடுகளில் பாடிப் புகழ் பெற்ற மெஹபூப் (1926–1981), 2018இல் மறைந்த கஜல் பாடகர் உம்பாயி ஆகியோரின் குரல் ஒலித்த ஊர் இது. அந்நாளில் ஓர் ஆர்மோனியமும் தபலாவும் இருந்தாற் போதும், கச்சேரி நடந்துவிடும். இன்றோ, பாட்டமைக்க விரும்பும் பிள்ளையும், மண்டபங்களில் பாடல்களை ஒன்றோடொன்று இணைத்து ஒலிக்கச் செய்யும் டி.ஜே. தொழிலை நாடும் பிள்ளையும் பெற்றோரிடம் முதலில் கேட்பது மடிக்கணினியையே. அதன் விலை பல வீடுகளுக்குச் சில மாத வருவாயாகும். கடன் பட்டேனும், நகையை அடகு வைத்தேனும் அதனை வாங்குவது தகுமா? வாங்கின் எத்தகையதை வாங்குவது?

இவ்விடத்தில் ஒரு குடும்பத்தின் வரலாற்றை நினைவு கூர்தல் பொருத்தமாகும். ஆர். கே. சேகர் என்னும் தமிழர் மலையாளத் திரைப்படங்களுக்கு இசையமைத்தும், பிற இசையமைப்பாளர்களின் வாத்தியக் குழுக்களை நடத்தியும் வாழ்ந்தவர். 1976இல் அவர் மறைந்தபோது மகனுக்கு வயது ஒன்பது. தந்தை விட்டுச் சென்ற இசைக்கருவிகளை வாடகைக்கு விட்டுக் குடும்பம் காலந்தள்ளியது. அம்மகனே ஏ. ஆர். ரகுமான். பின்னாளில் வீட்டிலேயே ஒலிப்பதிவு நிலையம் அமைத்தபோது, தாயார் தம் நகைகளைத் தந்து உதவினார் என்று அவரே கூறியுள்ளார். 1992இல் தமிழில் ‘ரோஜா’வும் மலையாளத்தில் ‘யோதா’வும் வெளிவந்தன.

இதனைப் படித்தவுடன் நகைப்பெட்டியைத் திறப்போர் ஒன்றை மறத்தலாகாது. சிறு வயது முதல் பிறர் குழுக்களில் கீபோர்டு வாசித்துப் பல்லாண்டு ஊதியம் ஈட்டிய கைகளுக்கே அந்நகை கருவியாயிற்று. கைத்திறன் முன்னும் கருவி பின்னும் வருதலே முறை.

ஆதலின், வீட்டிலுள்ள பழைய கணினியில் தொடங்குதல் நன்று. ஒலிப்பதிவுக்கு ஆடாசிட்டியும், டி.ஜே. பயிற்சிக்கு மிக்ஸும் விலையின்றிக் கிடைக்கின்றன. ஆறு திங்கள் மகனோ மகளோ நாள்தோறும் அமர்ந்து பழகுகின்றாரா என்று பாருங்கள். பழகினால், அக்கணினியையே செப்பனிடுவது அடுத்த படி. சுழலும் தட்டுள்ள பழைய ஹார்டு டிஸ்க் நொடிக்கு ஏறத்தாழ 100 மெகாபைட் அளவே படிக்கும், எளிய எஸ்.எஸ்.டி.யோ 500 மெகாபைட் வரை படிக்கும். எட்டுத் தடங்களில் ஐந்து நிமிடப் பாடலை 24 பிட், 48,000 ஹெர்ட்ஸ் தரத்தில் பதிந்தால் ஏறக்குறைய 345 மெகாபைட் இடம் வேண்டும். ரேம் 8 ஜிகாபைட் இருந்தால் தொடங்கலாம். பல மென்பொருள் வாத்தியங்களை ஒருங்கே இசைக்க 16 வேண்டும். எறணாகுளத்துப் பள்ளிமுக்கிலும் பென்டா மேனகா வளாகத்திலும் இவற்றை மாற்றித் தரும் கடைகள் உண்டு.

புதிதாகவோ பிறர் கைமாறியதாகவோ வாங்குவோர் முதலில் வினவ வேண்டியது, ரேமைப் பின்னர்க் கூட்ட இயலுமா என்பதே. 2020 முதல் வந்த ஆப்பிள் எம் வரிசை மடிக்கணினிகளிலும், மெல்லிய விண்டோஸ் மடிக்கணினிகள் பலவற்றிலும் அது நிலையாகப் பொருத்தப்பட்டுள்ளது. வாங்கும் நாளில் உள்ளதே இறுதி வரை. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிவுற்றமையால், விண்டோஸ் 11 ஏற்காத பழைய பொறியை மலிவென்று வாங்குதல் அறிவுடைமையாகாது.

இனி, ஒலி தாமதம் என்னும் குறை. கணினி ஒலியைச் சிறு சிறு பொதிகளாகவே கையாளுகின்றது. நொடிக்கு 44,100 மாதிரி என்ற கணக்கில், 1,024 மாதிரிகள் கொண்ட பொதி 23 மில்லிநொடி தாமதம் தரும். எட்டு மீட்டர் தொலைவில் அமர்ந்த மிருதங்கக்காரருடன் பாடுவது போலாம். 256 ஆகக் குறைத்தால் அத்தொலைவு இரண்டு மீட்டராகும். பொதி சிறுத்தால் பிராசசருக்குச் சுமை கூடி ஒலி வெடிக்கும். இதற்கு உற்ற மருந்து, ஆசியோ டிரைவருடன் வரும் ஆடியோ இன்டர்ஃபேஸ். விலையுயர்ந்த மடிக்கணினியினும், நடுத்தர மடிக்கணினியும் இன்டர்ஃபேஸும் நல்ல ஹெட்ஃபோனும் கூடியதே பயன் மிக்கது.

டி.ஜே. தொழிலுக்குப் பேராற்றல் வேண்டுவதில்லை, தவறாமையே வேண்டும். அடுத்த பாடலைத் தாம் மட்டும் ஹெட்ஃபோனில் கேட்டுத் தேர்ந்திட இரு தனி ஒலி வெளியீடுகள் தேவை. ஆதலின் ஒலி அட்டை உள்ளடங்கிய கன்ட்ரோலரை வாங்குக. நிகழ்ச்சியின்போது இணையத்தையும் மின்சேமிப்பு முறையையும் நிறுத்திவிட வேண்டும். பாடல்களின் படியொன்று பென் டிரைவில் தனியே இருத்தல் வேண்டும். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கியை 2000ஆம் ஆண்டு விதிகள் தடை செய்துள்ளமையையும் தொழில் செய்வோர் அறிதல் வேண்டும்.

நம் ஊரில் மற்றொரு பகையும் உண்டு. அது கடற்காற்றும் இடவப்பாதி ஈரமும். பயன்படுத்தாத நாட்களில் சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் பையில் வைத்தலும், ஆண்டுக்கொருமுறை விசிறியின் தூசு நீக்குதலும் கருவியின் ஆயுளை நீட்டும்.

பிள்ளையின் விருப்பத்தை ஆடம்பரமென்று தள்ளுதலும் தவறு; கேட்டவுடன் கடன்படுதலும் தவறு. ஆறு திங்கட் பயிற்சி, அடுத்துச் செப்பனிடல், முதல் சிறு ஊதியம் வந்தபின் புதிய கருவி என்னும் வரிசையில் செல்லும் வீட்டில் பிள்ளையின் கலையும் வளரும். தாயின் நகையும் பெட்டியில் இருக்கும்.