திரையில் தெரியாத எழுத்து

'ரிக்ஷா' என்று தட்டினால் 'க்'கும் 'ஷா'வும் ஒட்டிக்கொண்டு கூட்டெழுத்தாகிவிடும். க, புள்ளி, ஷ என்று அடுத்தடுத்து வந்தால் எழுத்துரு அப்படித்தான் சேர்த்து வரையும். புள்ளி தெரியும்படி 'ரிக்‌ஷா' என்று அச்சிட வேண்டுமானால் நடுவில் இன்னொரு எழுத்தைச் செருக வேண்டும். அதற்கு வடிவமும் இல்லை, அகலமும் இல்லை. 'இவற்றைச் சேர்க்காதே' என்று எழுத்துருவுக்குச் சொல்வது ஒன்றே அதன் வேலை. யூனிகோடில் அதன் எண் 200சி.

அடுத்த எண்ணான 200டி, சேர்த்து வைக்கும் எழுத்து. சிங்களத்தில் 'ஸ்ரீ லங்கா' என்று எழுதும்போது 'ஸ்ரீ' ஒரே வடிவமாக நிற்பது இதனால்தான். எடுத்துவிட்டால் நாட்டின் பெயரே உடைந்து தெரியும். அப்பா, அம்மா, மகள் நிற்கும் குடும்ப எமோஜியும் மூன்று எமோஜிகளை இரண்டு 200டி-க்கள் இணைத்ததுதான்.

சிக்கல் தேடும்போது வரும். முதல் 'ரிக்ஷா'வில் ஆறு குறியீடுகள், இரண்டாவதில் ஏழு. இவை வேறு வேறு சொற்கள் என்றே பல மென்பொருள்கள் எடுத்துக்கொள்கின்றன. வேறெங்கிருந்தோ நகலெடுத்து ஒட்டிய பெயரில் அகலமில்லாத இடைவெளியான 200பி ஒட்டிக்கொண்டு வந்தாலும் இதே கதிதான்: பட்டியலில் பெயர் கண்ணெதிரே இருக்கும், கணினி 'இல்லை' என்று சாதிக்கும்.

2018 பிப்ரவரியில் இத்தகைய மறை எழுத்து ஒன்று பெரிய செய்தியானது. தெலுங்குக் கூட்டெழுத்து ஒன்றுடன் 200சி-யும் ஆகாரக் குறியும் சேர்ந்த ஒரு வரிசை, ஐபோனில் செய்திச் செயலிகளை முடக்கியது. ஐஓஎஸ் 11.2.6 பதிப்பில் ஆப்பிள் அதைச் சரிசெய்தது. 'ஐபோனை முடக்கும் தெலுங்கு எழுத்து' என்று அப்போது பேசப்பட்டது எனக்கு இன்றும் உறுத்துகிறது. பழுது, எழுத்தை வரையும் நிரலில் இருந்தது. பழி மொழியின் தலையில் விழுந்தது.

எழுதும் திசையை மாற்றும் மறைகுறிகளும் உண்டு. அவற்றைக் கொண்டு, படிப்பவருக்கு ஒன்றாகவும் கணினிக்கு வேறாகவும் நிரல் எழுத முடியும் என்று 2021-இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் காட்டினர். நிரல்களில் இவற்றைச் சந்தேகிப்பது நியாயமே.

அதற்காக, மக்கள் எழுதும் உரையிலிருந்து எல்லா மறைகுறிகளையும் ஒட்டுமொத்தமாகத் துடைத்தெறிவது தவறு. பாரசீகம், சிங்களம் போன்ற மொழிகளில் அவை எழுத்துமுறையின் அங்கம். மென்பொருள் எழுதுவோரே, தேடலில் ஒப்பிடும்போது 200சி, 200டி இரண்டையும் கணக்கில் எடுக்காதீர்கள். ஒருவர் எழுதிச் சேமித்த உரையிலிருந்து அவற்றை நீக்கவும் செய்யாதீர்கள்.