33-க்கும் கீழே, ஆனாலும் 50-க்கு 50!

அமெரிக்காவில் ஜனாதிபதி வேட்பாளர் யார் என்று கட்சித் தலைவர்கள் மட்டும் உட்கார்ந்து முடிவு பண்ணுவதில்லை. மாநிலம் மாநிலமாக மக்கள் ஓட்டுப் போடுகிறார்கள்.

2016-ல் குடியரசுக் கட்சியில் 17 பேர் போட்டியிட்டார்கள். அதில் ஜெப் புஷ்ஷின் அப்பாவும் அண்ணனும் முன்னாள் ஜனாதிபதிகள். ஆனால் "பழைய தலைவர்களே வேண்டாம்" என்ற கோபம் மக்களிடம் இருந்தது. அதை நம்பி நின்றவர்கள்தான் தொழிலதிபர் டிரம்ப், டாக்டர் கார்சன், சொந்தக் கட்சித் தலைவர்களையே எதிர்த்துப் பேசிய செனட்டர் குரூஸ்.

அயோவாவில் குரூஸ் ஜெயித்தார். நியூ ஹாம்ப்ஷயரில் டிரம்ப். அடுத்து தென் கரோலினா. அங்கே டிரம்ப் வாங்கியது 100-க்கு 33 ஓட்டுக்கும் குறைவு. ஆனால் 50 பிரதிநிதிகளும் அவருக்கே! எப்படி? மீதி ஓட்டு 5 பேருக்குப் பிரிஞ்சு போச்சு. மாநிலத்திலும் ஒவ்வொரு தொகுதியிலும் முதலில் வந்தவருக்கே எல்லாம் என்பது அங்கே விதி. அன்று இரவே புஷ் விலகிவிட்டார். கடைசியில் டிரம்ப்தான் வேட்பாளர், ஜனாதிபதியும் ஆனார்.

நம்ம வகுப்பு லீடர் தேர்தலில் ஆறு பேர் நின்றாலும் இதே கதைதான். யாருக்கு ஓட்டு என்று மட்டும் யோசித்தால் போதாது. ஓட்டை எப்படி எண்ணுவாங்க என்றும் தெரிஞ்சிருக்கணும். சரிதானே?

- ஒன்பதாம் வகுப்பு மாணவி