சுக்கான் இருவர் கையிலும் இருக்கட்டும்

பிரிட்டன், பிரான்ஸ், அமெரிக்கா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் பணி ஓய்வு பெற்ற தம்பதியர் சிலர் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, 35 அல்லது 40 அடி நீளமுள்ள பாய்மரப் படகில் குடியேறிவிடுகிறார்கள். பந்தயமோ சாதனையோ அவர்கள் நோக்கமில்லை. மத்தியதரைக் கடலிலோ கரீபியன் தீவுகளிலோ காற்றைப் பார்த்துப் பாயை விரித்து, ஒரு துறைமுகத்தில் பத்து நாள், ஒரு விரிகுடாவில் ஒரு மாதம் என்று நிதானமாகப் பயணம் செய்கிறார்கள். இந்த வாழ்க்கையைப் பற்றிய பேச்செல்லாம் எந்தப் படகு, எவ்வளவு செலவு என்பதிலேயே சுற்றிச் சுற்றி வருகிறது. அதற்கெல்லாம் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இது ஒருவருடைய ஆசையா, குடும்பமே சேர்ந்து எடுத்த முடிவா? கணவன், மனைவி இருவருக்கும் படகு ஓட்டத் தெரிந்து, கரையில் இருக்கும் பிள்ளைகளோடும் கலந்து பேசிக் கிளம்பினால் இந்த வாழ்க்கை நிலைக்கும். ஒருவர் ஆசைக்கு மற்றவர் துணைக்குப் போவதென்றால் அது நிலைக்காது; ஆபத்தாகவும் முடியலாம் என்பதே என் வாதம்.

படகுக்குள் நுழைந்து பார்த்தால் காரணம் புரியும். 35 அடிப் படகின் அகலம் சுமார் 11 அடிதான். சமையல், சாப்பாடு, படுக்கை, கழிப்பறை எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். குடிநீர்த் தொட்டி சிறியது என்பதால், நடுக்கடலில் பாத்திரத்தைக் கடல்நீரில் கழுவிக் கடைசியில் மட்டும் நல்ல தண்ணீர் விடுவார்கள். படகு சாய்ந்தாலும் பானை கவிழாதபடி, அடுப்பைத் தொட்டில் மாதிரி ஆடும் சட்டத்தில் பொருத்தியிருப்பார்கள். வேலைக்குப் போன காலமெல்லாம் பகலில் பிரிந்தே இருந்து பழகிய இருவர், இங்கே 24 மணி நேரமும் எதிரெதிரே இருந்தாக வேண்டும். இரவுப் பயணத்தில் நிலைமை தலைகீழ். தானியங்கிக் கருவி சுக்கானைப் பிடித்துக்கொண்டாலும், கப்பல்கள் வருகின்றனவா, காற்று மாறுகிறதா என்று ஒருவர் விழித்திருந்து பார்க்க வேண்டும். மூன்று அல்லது நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை ஆள் மாறுவது வழக்கம். ஒருவர் தூங்கும்போது படகும், அதில் உறங்குபவரின் உயிரும் மற்றவர் பொறுப்பு. ‘நான் கேப்டன், நீ சமையல்’ என்ற பழைய பங்கீடு இங்கே செல்லாது.

ஒருவர் தவறிக் கடலில் விழுந்துவிட்டால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். மணிக்கு ஐந்து கடல்மைல் வேகத்தில் போகும் படகு ஒரு நிமிடத்தில் 150 மீட்டர் நகர்ந்துவிடும். அலைகளுக்கு நடுவே மனிதத் தலை ஒரு தேங்காய் அளவுதான் தெரியும். படகில் இருப்பவர் மிதவையை வீசி, ஜி.பி.எஸ். கருவியில் இடத்தைக் குறித்து, விழுந்தவரைக் கண்ணிலிருந்து தப்பவிடாமல் படகைத் திருப்பி, பாயை இறக்கி, அருகே கொண்டுபோய் நிறுத்த வேண்டும். நனைந்த உடையோடு கனக்கும் ஓர் ஆளை அறுபது வயதைத் தாண்டிய ஒருவர் வெறுங்கையால் தூக்குவது ஏறக்குறைய முடியாத காரியம். பாய் ஏற்றும் கயிற்றை அவர் உடலில் மாட்டி, வின்ச் என்ற சுழலுருளையைச் சுற்றித்தான் மேலே இழுக்க வேண்டும். இத்தனையும் அறியாதவர் கையில் படகு இருந்தால், விழுந்தவர் எவ்வளவு பெரிய மாலுமியாக இருந்தும் பயனில்லை. அமெரிக்காவின் க்ரூஸிங் கிளப் ஆஃப் அமெரிக்கா, துணைவர் திடீரென்று செயலிழந்துவிட்டால் மற்றவர் என்ன செய்வது என்பதற்கென்றே தனிப் பயிற்சி நடத்தியிருக்கிறது. அனுபவசாலிகள் எதை அஞ்சுகிறார்கள் என்பதற்கு இது சான்று.

பிரிட்டனைச் சேர்ந்த ஜீன் சாக்ரடீஸின் வாழ்க்கை இதற்கு நல்ல உதாரணம். 1942-ல் பிறந்த இவர் கணித ஆசிரியை. ஐம்பதை நெருங்கும்போதுதான் பாய்மரப் படகு ஓட்டக் கற்றுக்கொண்டார். 1997-ல் கணவர் ஜார்ஜுடன் ‘நெரீடா’ என்ற படகில் கடல் வாழ்க்கையைத் தொடங்கினார். 2003-ல் ஜார்ஜ் புற்றுநோயால் இறந்தார். கணவர் பின்னால் வெறுமனே உடன் போனவராக இருந்திருந்தால் ஜீனின் கடல் பயணம் அன்றே முடிந்திருக்கும். அவர் தனியாகத் தொடர்ந்தார். 2013-ல், 70 வயதில், எங்கும் நிற்காமல், யார் உதவியும் பெறாமல் உலகைச் சுற்றி முடித்தார். 2019-ல், 77 வயதில், அதையே மீண்டும் 339 நாட்களில் செய்தார். இந்தச் சாதனையை எல்லோரும் முயல வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இருவருமே மாலுமிகளாக இருந்த குடும்பத்தில், ஒருவர் மறைந்த பின்னும் மற்றவருடைய வாழ்க்கை அறுந்துபோகவில்லை என்பதே இதில் கவனிக்க வேண்டியது.

முதுமையில் இதெல்லாம் ஆபத்து இல்லையா என்று கேட்பார்கள். ஆபத்து உண்டு. கானரித் தீவுகளின் லாஸ் பால்மாஸிலிருந்து கரீபியனின் செயின்ட் லூசியா வரை சுமார் 2,700 கடல்மைல். அதைக் கடக்க ஏறக்குறைய மூன்று வாரம் ஆகும். நடுவில் மருத்துவமனை கிடையாது. இதய நோய் போன்றவை உள்ளவர்கள் கரையோரப் பயணத்தோடு நிறுத்திக்கொள்வதே அறிவு. அதே நேரம், கடலில் மட்டுந்தான் ஆபத்து என்பதும் சரியல்ல. ஜீனுக்கு 2017-ல் கழுத்தெலும்பும் விலா எலும்புகளும் முறிந்தது, அடுத்த பயணத்துக்காகப் படகைத் தயார் செய்தபோது ஏணியிலிருந்து விழுந்ததால்தான்.

பேரப்பிள்ளைகளை விட்டுவிட்டுப் போவதா என்பது இன்னும் கனமான கேள்வி. ஆனால் கடலின் நாட்காட்டியே குடும்பத்துக்கு இடம் தருகிறது. அட்லாண்டிக்கில் ஜூன் முதல் நவம்பர் வரை சூறாவளிக் காலம். கரீபியனில் இருப்பவர்கள் பலர் அந்த மாதங்களில் படகைக் கரையேற்றிவிட்டு ஊர் திரும்புகிறார்கள். பிரிட்டிஷ் குடிமக்களோ, பிரெக்ஸிட்டுக்குப் பிறகு, பெரும்பாலான ஐரோப்பிய நாடுகளில் 180 நாட்களுக்குள் 90 நாள்தான் விசா இல்லாமல் தங்கலாம். ஆக, அவர்களில் பலரும் வீட்டுக்கு வந்து போகிறார்கள். 2022-ல், 83 வயதில், தனியாகப் பசிபிக்கைக் கடந்த ஜப்பானியர் கெனிச்சி ஹோரியே, செயற்கைக்கோள் தொலைபேசியில் குடும்பத்தோடு தினமும் தொடர்பு வைத்திருந்தார். ஆனாலும் படுக்கையில் கிடக்கும் பெற்றோரைப் பார்த்துக்கொள்ள வேறு ஆளில்லாதவர்களுக்கு இந்தப் பதில்கள் போதாது. அவர்கள் காத்திருக்கத்தான் வேண்டும்.

இது பணக்காரர்களின் விளையாட்டு என்பதிலும் பாதி உண்மை உண்டு. படகு விலையில் பத்தில் ஒரு பங்கு ஆண்டுதோறும் பராமரிப்புக்குப் போகும் என்பது படகு வைத்திருப்பவர்கள் சொல்லும் கணக்கு. ஆனால் பழைய சிறிய படகு வாங்கி, மெரினா எனப்படும் படகுத்துறையில் கட்டணம் கட்டி நிற்காமல் விரிகுடாக்களில் நங்கூரமிட்டு, ஓய்வூதியத்தில் காலம் தள்ளுகிறவர்களும் இருக்கிறார்கள். செலவு எவ்வளவாக இருந்தாலும், சேமிப்பில் எத்தனை பங்கு கடலில் இறங்குகிறது என்பது இருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

பிரிட்டனின் ராயல் யாட்டிங் அசோசியேஷன் வகுத்திருக்கும் அடிப்படைப் பயிற்சி ஐந்தே நாள். படகு வாங்கக் கிளம்பும் முன் கணவனும் மனைவியும் சேர்ந்து அதை முடிக்கட்டும். பிறகு வாடகைப் படகில் ஒரு வாரம் சுக்கானை மாற்றி மாற்றிப் பிடிக்கட்டும். ஒருவருக்குப் பிடிக்கவில்லை என்றால், அந்தக் கனவை அங்கேயே விட்டுவிடுவதில் வெட்கமில்லை. இருவருக்கும் பிடித்திருந்தால், வயதைக் காரணம் காட்டி அவர்களைத் தடுக்க யாருக்கும் உரிமையில்லை.