பேட்டைகளின் நகரம்: சேலத்தின் பழமையும் இன்றைய பங்கும்

ஆய்வுச்சுருக்கம்

திருமணிமுத்தாற்றங்கரையில் கோட்டையும் கோயில்களும் வணிகப் பேட்டைகளுமாக வளர்ந்த ஊர் சேலம். இன்று அது கல்வி, தொழில், போக்குவரத்து ஆகியவற்றின் மையமாக விளங்குகிறது. காலந்தோறும் எழுந்த புதிய நிறுவனங்கள் பழைய நகருக்கு வெளியே அமைந்தமையையும், அதனால் உள்நகரும் விளிம்புச் சிற்றூர்களும் அடைந்த மாற்றத்தையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: சேலம், பேட்டை, நெசவு, கஞ்சமலை, கொண்டப்பநாயக்கன்பட்டி.

முன்னுரை

நகர வரலாறு பெரும்பாலும் அரசர், போர், ஆட்சிமாற்றம் ஆகியவற்றின் வரலாறாகவே எழுதப்பட்டு வருகிறது. சேலத்தைப் பொறுத்தவரை லெபானு 1883-இல் வெளியிட்ட மாவட்டக் கையேடும், ரிச்சர்ட்சு 1918-இல் வெளியிட்ட மாவட்ட விவரச்சுவடியும் இன்றளவும் அடிப்படைச் சான்றுகளாக உள்ளன. இரண்டும் ஆட்சியாளர் தம் நிருவாகத் தேவைக்காக எழுதியவை. ஆகவே ஊரின் அமைப்பையும் தொழிலையும் முன்னிறுத்தி நகரைக் காண வேண்டியுள்ளது.

பழைய நகரின் அமைப்பு

வடக்கே சேர்வராயன் மலை, தென்கிழக்கே சருகுமலை, மேற்கே கஞ்சமலை என மலைகள் சூழ்ந்த சமவெளியில் சேலம் அமைந்துள்ளது. சேர்வராயன் மலையில் தோன்றும் திருமணிமுத்தாறு நகரின் ஊடே பாய்கிறது. சுகவனேசுவரர் கோயிலும், கோட்டைப் பகுதியில் எழுந்த மாரியம்மன் கோயிலும் பழைய நகரின் அடையாளங்களாகும். கோட்டையின் பெரும்பகுதி மறைந்துவிட்டது. ஆயினும் ஆடித் திருவிழாவின்போது நகரமே கோட்டை மாரியம்மனை நோக்கித் திரும்புகிறது.

கோட்டையைச் சுற்றி எழுந்தவை பேட்டைகள். செவ்வாய்க்கிழமைச் சந்தையால் பெயர்பெற்றது செவ்வாய்ப்பேட்டை. அம்மாபேட்டை, குகை, பொன்னம்மாபேட்டை ஆகியவை நெசவாளர் குடியிருப்புகளாகச் சிறந்தன. செங்குந்தர், தேவாங்கர், சௌராட்டிரர் முதலிய நெசவுச் சமூகத்தினர் இங்கு வாழ்ந்து வருகின்றனர். ஒரே ஊரில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் சௌராட்டிரமும் வீட்டுமொழிகளாக வழங்குவது இந்நெசவு வரலாற்றின் விளைவு எனலாம்.

குடியேற்ற ஆட்சிக் காலம்

மூன்றாம் மைசூர்ப் போரின் முடிவில், 1792-ஆம் ஆண்டுச் சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்வழி, பாராமகாலும் சேலமும் கிழக்கிந்தியக் கும்பெனியின் வசமாயின. அலெக்சாண்டர் ரீடும் அவர்தம் உதவியாளர் தாமசு மன்றோவும் இங்கு நிலங்களை அளந்து, உழவரிடமே நேரடியாக வரி பெறும் முறையை வகுத்தனர். பின்னர்ச் சென்னை மாகாணத்தில் பரவிய இரயத்துவாரி முறையின் தொடக்கக் களம் இப்பகுதியே.

1861-இல் இருப்புப்பாதை சேலத்தை எட்டியது. ஆனால் நிலையம் பழைய நகரில் அமையாமல், மேற்கே சூரமங்கலத்தில் அமைந்தது. 1866-இல் நகராட்சி உருவாயிற்று. 1917 முதல் 1919 வரை அதன் தலைவராக இராசாசி பணியாற்றினார். 1944-இல் நீதிக்கட்சி திராவிடர் கழகம் எனப் பெயர் மாற்றம் பெற்ற மாநாடும் சேலத்திலேயே நிகழ்ந்தது.

தொழிலும் இன்றைய பங்கும்

1935-இல் டி. ஆர். சுந்தரம் மாடர்ன் தியேட்டர்சைத் தோற்றுவித்தார். மலையாளத்தின் முதற் பேசும்படமான ‘பாலன்’ (1938) இந்நிறுவனத்தின் படைப்பாகும். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் வேரூன்றிய சவ்வரிசித் தொழில், மரவள்ளி பயிரிடும் உழவரை நகரச் சந்தையோடு பிணைத்தது. சேலம் சவ்வரிசி 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. வெள்ளிக் கொலுசும் வெண்பட்டும் நகரின் பெயரை வெளியூர்களுக்கு இன்றும் எடுத்துச் செல்கின்றன.

கஞ்சமலையின் இரும்புத்தாது தனித்துக் கருதத்தக்கது. 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் சே. எம். ஈத்து என்பவர் சேலத்துத் தாதுவைக் கொண்டு பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நடத்தினார். அத்தாதுவை நம்பியே சேலத்தில் உருக்காலை கோரப்பட்டது. எனினும் 1981-இல் உற்பத்தியைத் தொடங்கிய ஆலை, வெளியிலிருந்து வந்த எஃகைத் துருப்பிடிக்காத தகடுகளாக உருட்டும் ஆலையாகவே அமைந்தது. மலை தந்த பெயர் நிலைத்தது. மலையின் தாது ஆலைக்குள் செல்லவில்லை.

1994-இல் மாநகராட்சி, 1997-இல் பெரியார் பல்கலைக்கழகம், 2007-இல் தனி இரயில்வே கோட்டம் என நகரின் பங்கு விரிந்தது. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மாநகர மக்கள்தொகை ஏறத்தாழ 8.3 இலட்சமாகும்.

விளிம்பும் உள்நகரும்

இருப்புப்பாதை சூரமங்கலத்திலும், படப்பிடிப்புத் தளம் ஏற்காட்டுச் சாலையிலும், உருக்காலை கஞ்சமலை அடிவாரத்திலும், பல்கலைக்கழகம் கருப்பூரிலும் அமைந்தமை ஓர் ஒழுங்கைக் காட்டுகிறது. புதிய பங்கு ஒவ்வொன்றும் பழைய நகரை விட்டு விலகியே இடம் தேடியுள்ளது. இதனால் பேட்டைகள் இடிபடாமல் நின்றன; அதே வேளையில், புதிய முதலீடும் அவற்றை எளிதில் எட்டவில்லை. தறியொலி குறைந்த தெருக்களும், கழிவுநீர் சுமக்கும் திருமணிமுத்தாறும் இதன் மறுபக்கமாகும்.

விளிம்பில் நிகழ்வது வேறு. ஏற்காட்டு மலையடிவாரத்தை ஒட்டிய கொண்டப்பநாயக்கன்பட்டி இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. நாயக்கர் பட்டம் தாங்கிய ஒருவரின் பெயரும் ‘பட்டி’ என்னும் குடியிருப்புச் சொல்லும் இணைந்த ஊர்ப்பெயர் இது. தனியூராக இருந்த இத்தகைய பட்டிகள் இன்று நகரின் புறக்குடியிருப்புகளாக மாறி வருகின்றன. மனைப்பிரிவுகளுக்குச் சூட்டப்படும் புதுப்பெயர்கள் நிலைபெறுமாயின், ஊர்ப்பெயரில் உறைந்துள்ள குடியேற்றச் செய்தி வழக்கொழியும். மாடர்ன் தியேட்டர்சின் நுழைவு வளைவு மட்டும் எஞ்சி நிற்பது, கட்டடத்தை விடவும் நினைவு எளிதில் அழியும் என்பதற்கு அச்சாலையிலேயே கிடைக்கும் சான்று.

முடிவுரை

சேலம் ஒற்றை மையத்தைக் கொண்ட நகரன்று; காலந்தோறும் சேர்ந்த பேட்டைகளும் பட்டிகளும் இணைந்த தொகுதி. அதன் இன்றைய பங்கை விளிம்பில் எழுந்த நிறுவனங்கள் தாங்குகின்றன. அதன் அடையாளத்தை உள்நகரின் தொழில்கள் தாங்குகின்றன. நெசவாளர் கலைச்சொற்கள், பேட்டைத் தெருப்பெயர்கள், விளிம்பு ஊர்களின் வாய்மொழிச் செய்திகள் ஆகியவற்றைத் தொகுப்பது உடனடித் தேவையாகும். இவற்றை அறிந்த முதியோர் வாழுங்காலத்திலேயே களஆய்வு நிகழ்ந்தால்தான், ஆட்சிச் சுவடிகள் சொல்லாத நகர வரலாறு எழுதப்பெறும்.