இரவல் காணியில் அனற்றோ நடலாமா?

இரவல் காணியில் குடியிருப்போர் மரம் நடத் தயங்குவர். "நாளைக்கு எழும்பு என்றால் எழும்பத்தானே வேண்டும், காய்க்கும்போது ஆர் இருப்பினமோ" என்று எண்ணுவது இயல்பே. கத்தரியும் மிளகாயும் சில மாதங்களில் பலன் தரும். மரப்பயிருக்கோ வருடங்கள் வேண்டும். ஆகவே, அனற்றோ என்னும் சாயச் செடியைப் பற்றி எழுத முற்படும் நாம், அதன் நன்மைகளை மட்டும் கூறிச் செல்வது நேர்மையாகாது.

செடியின் கதை

அனற்றோவின் தாயகம் அமெரிக்காவின் வெப்பவலய நாடுகளாகும். இதன் தாவரவியற் பெயர் பிக்சா ஒரெல்லானா. 1541-1542 இல் அமேசன் ஆற்று வழியே கடல்வரை சென்ற ஸ்பானியரான பிரான்சிஸ்கோ டி ஒரெல்லானாவின் நினைவாக அப்பெயர் இடப்பட்டது. ஆனால் அவர் வருவதற்கு நெடுங்காலம் முன்பே அங்குள்ள பூர்வீக மக்கள் இதன் விதைச் சாயத்தை உடலிற் பூசினர், உணவிலும் சேர்த்தனர். எக்குவடோர் நாட்டின் சாச்சிலா இன ஆண்கள் தலைமயிரை இதனாற் சிவப்பாக்கும் வழக்கம் உடையவர்கள். ஸ்பானியர் மூலம் பிலிப்பைன்ஸ் சென்ற இச்செடி அங்கும் சமையலில் இடம்பிடித்தது. இன்று பிரேசில், பெரு, கென்யா ஆகிய நாடுகளில் இது பெருமளவு பயிராகிறது.

பத்துப் பதினைந்து அடி வளரும் இச்செடிக்கு இதய வடிவான இலைகளும் இளஞ்சிவப்புப் பூக்களும் உண்டு. காய்கள் மென்முட்கள் நிறைந்தவை. முற்றிக் காய்ந்ததும் இரண்டாகப் பிளக்கும். உள்ளே உள்ள விதைகளின் மேற்தோலில் ஒட்டியிருக்கும் மெல்லிய சிவப்புப் படையே சாயம். அதிலுள்ள முக்கிய நிறப்பொருள் பிக்சின் எனப்படும். பட்டர், மாஜரீன், பாற்கட்டி முதலியவற்றின் மஞ்சள் நிறத்துக்கு இதனைச் சேர்ப்பர்.

செய்கை முறை

புதிய விதைகளே நன்கு முளைக்கும். பொலித்தீன் பைகளில் மண்ணும் கூட்டெருவும் நிரப்பி விதையிட்டு, கன்று முக்கால் அடி வளர்ந்ததும் மாரி மழை தொடங்கியபின் நடலாம். செடிக்குச் செடி 12 முதல் 15 அடி இடைவெளி விடவேண்டும். பலவகை மண்ணிலும் வளரும். நீர் தேங்கும் நிலம் மட்டும் உதவாது. முதல் இரண்டு கோடையும் தண்ணீர் ஊற்றினாற்றான் கன்று தப்பும். ஏறத்தாழ இரண்டாம் வருடத்திற் பூக்கும். மூன்றாம், நான்காம் வருடத்திலிருந்தே பயன்தரத்தக்க விளைச்சலை எதிர்பார்க்கலாம்.

காய்கள் மண்ணிறமாகி உலர்ந்ததும் கொத்தோடு வெட்டவேண்டும். சாக்கினுள் இட்டு மெதுவாகத் தட்டிச் சுளகிற் புடைத்து விதையைப் பிரிக்கலாம். விதையைக் கையாற் தேய்க்கக் கூடாது. சாயம் கையோடு போய்விடும். வெயிலும் வெளிச்சமும் பிக்சினைக் கெடுக்கும். எனவே நிழலிற் காயவைத்து, ஈரமற்ற இருட்டான இடத்தில் பேணுவது அவசியம். வாங்குவோர் பிக்சின் அளவைப் பார்த்தே விலை தருவர்.

வீட்டில் ஒரு பங்கு விதையை நான்கு பங்கு எண்ணெயில் மெல்லிய நெருப்பிற் சூடாக்கினால் எண்ணெய் செம்மஞ்சளாகும். உடனே இறக்கி வடித்துக்கொள்ள வேண்டும். அதிகம் சூடேறினால் கருகிக் கசக்கும். இந்த எண்ணெயிற் சில துளி, கடையில் வாங்கும் நிறத்தூளுக்குப் பதிலாகச் சோற்றுக்கும் பலகாரத்துக்கும் போதும். துணிக்கும் நிறமூட்டலாம், ஆனால் வெயிலில் விரைவில் மங்கிவிடும்.

சந்தை

செயற்கைச் சிவப்பு ஒன்றான எரித்ரோசினை உணவிற் சேர்ப்பதற்கான அனுமதியை ஐக்கிய அமெரிக்கா 2025 ஜனவரியில் நீக்கியது. இத்தகைய முடிவுகள் இயற்கை நிறங்களின்மேல் கவனத்தைத் திருப்புகின்றன. ஆயினும் உலகில் எங்கோ தேவை கூடுவதால் எமது படலையில் வியாபாரி வந்து நிற்பார் என்று நம்பிவிடக் கூடாது.

இதற்கு எமது மண்ணே சாட்சி. ஒல்லாந்தர் காலத்தில் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் சாயவேர் தோண்டப்பட்டது. தோண்டியவர்கள் வறியவர்கள், வாணிபமோ ஆட்சியாளர் கையில் இருந்தது. 1868 இல் ஜேர்மன் இரசாயனவியலாளர் இருவர் அவ்வேரிலும் உள்ள அலிசரின் என்னும் சிவப்பைச் செயற்கையாக ஆக்கினர். அதன்பின் உலகெங்கும் வேர்ச்சாயங்களின் மதிப்பு வீழ்ந்தது. சாயப் பயிரின் விலையைச் செய்கையாளர் தீர்மானிப்பதில்லை. அனற்றோவை அரிசிபோற் பசிக்குச் சமைத்து உண்ணவும் முடியாது.

என்ன செய்யலாம்?

உணவுப் பயிருக்குரிய நிலத்தை இதற்குக் கொடுக்க வேண்டாம். வேலியோரத்தில் இரண்டு, மூன்று செடி வைத்தால் ஒரு குடும்பத்தின் சமையல் தேவைக்குப் போதும். விற்பனைக்காக நடுவதாயின், வாங்குபவரை முதலிற் தேடுங்கள். கன்றை அடுத்துத் தேடலாம். பல குடும்பங்கள் சேர்ந்து பேசினால் விலை கேட்கும் பலமும் கூடும்.

இரவல் காணியாயின், காணிக்காரரின் சம்மதத்தை நடுவதற்கு முன்னரே பெறுங்கள். விளைச்சல் யாருக்கு, எழும்பும்போது செடிக்கு என்ன ஈடு என்பதை எழுதிக் கையொப்பமிடுவது இருவருக்கும் நல்லது. சம்மதம் கிடைக்காவிட்டால் கன்றைப் பெரிய பையிலோ பழைய வாளியிலோ சில காலம் வளர்க்கலாம். வேரூன்றிய மரத்தைத் தூக்கிச் செல்ல முடியாது. வாளியிலுள்ள கன்றையும் ஒரு பிடி புதிய விதையையும் கொண்டு செல்லலாம்.

சொந்தக் காணிக்குத் திரும்பும் நாளை எம்மால் குறித்துச் சொல்ல முடியாது. அன்று வெறுங்கையோடு படலையைத் திறவாதிருக்க, இன்று ஒரு பையில் மண் நிரப்பலாம்.